கீபோர்டு யார் கையில்?

60 மாணவர்கள். ஓடுகிற நிலையில் 31 கம்ப்யூட்டர் சிஸ்டம். வாரத்துக்கு ஒரு லேப், அதுவும் 2 மணி நேரம். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் இந்த வருடம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் பழைய மாணவி போனில் சொன்ன நிலவரம் இது. முதலாம் ஆண்டுக்குப் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியை எடுக்கிறாள். "குரூப்பா கத்துக்கற மாதிரி ஏதாவது பண்ணுங்கன்னு ஹெச்ஓடி சொல்லிட்டாங்க சார். தேடிப் பார்த்தா ஆளுக்கு ஒரு பேர் சொல்றாங்க. எதை எடுக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

நான் கடலூரில் பாடம் எடுக்கிறவன். முதலில் சி, அப்புறம் சி பிளஸ் பிளஸ், இப்போது பைத்தான். அவள் அடுக்கிய முறைகளில் பெரும்பாலானவற்றை ஒரு தடவையாவது வகுப்பில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கிறேன். அதனால் உடனே பதில் சொல்லவில்லை. "உன் பிள்ளைங்க எங்கம்மா மாட்டிக்கறாங்க?" என்று கேட்டேன். "போர்டுல எழுதினா புரியுதுங்கறாங்க சார். லேப்ல உட்கார்ந்தா கை ஓடல." சரி, பேச்சை இங்கிருந்து தொடங்கலாம் என்று தோன்றியது.

சேர்ந்து படிப்பது நம் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. ரெக்கார்டு நோட்டைப் புரட்டினாலே தெரியும். ஒரு வருடம் ஒருத்தி விட்ட அடைப்புக்குறி 40 நோட்டில் அதே வரியில் விடுபட்டிருந்தது. அதுவும் ஒருவகைக் கூட்டுறவுதான். ஆனால் அந்த 40 பேரில் ஒருவர்கூட "இங்க ஏன் இந்த வரி?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கவில்லை, யாரும் யாருக்கும் சொல்லவும் இல்லை. ஒவ்வொரு முறையையும் நான் அளப்பது இந்த ஒரு கோலால்தான்: வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வரியின் காரணத்தைத் தன் வாயால் இன்னொருவருக்குச் சொல்லியாக வேண்டிய நிலைமை வருமா? வரும் என்றால் அந்த முறையை எடுத்துப் பார்க்கலாம். வராது என்றால் அதன் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இதில் மொழியும் கலந்திருக்கிறது. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்வழியில் படித்தவர்கள். நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கக் கிராமங்களிலிருந்து வருகிறார்கள். வீட்டில் முதல் பட்டதாரி. வாத்தியார் ஆங்கிலத்தில் கேட்டால் தலை குனிந்துவிடும். அதே பையன் பக்கத்து சீட்டில் இருப்பவனிடம் "டேய், வொய்ல் லூப்னா ஒண்ணும் இல்லடா, இது சரியா இருக்கற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவான். பாடப்புத்தகத்தின் அரைப்பக்கத்தை அவன் ஒரு வாக்கியத்தில் கடந்துவிட்டான். அவனைப் பேச விடுகிற முறை எதுவோ, அது நம் ஊருக்கு இரட்டை லாபம்.

முதலில் ஜோடியை எடுத்துக்கொள்வோம்.

பேர் புரோகிராமிங் என்பது மென்பொருள் கம்பெனிகளில் பிறந்தது. 1990களின் கடைசியில் கென்ட் பெக் முன்வைத்த 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' முறையின் ஒரு பகுதியாகப் பெயர் பெற்றது. ஒரு சிஸ்டம், இரண்டு பேர். ஒருவர் டைப் செய்வார், அவர் டிரைவர். மற்றவர் அடுத்து என்ன, எங்கே தவறு என்று கவனிப்பார், அவர் நேவிகேட்டர். நான் வகுப்பில் நேவிகேட்டர் என்று சொல்வதில்லை, கண்டக்டர் என்கிறேன். டவுன் பஸ்ஸில் வந்து போகிற பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லிலேயே பாதி விதி புரிந்துவிடுகிறது. கண்டக்டர் விசில் அடிக்காமல் வண்டி நகராது. கண்டக்டர் வாயால் சொல்லாத வரியை டிரைவர் டைப் செய்யக் கூடாது. இந்தக் கறாரான வடிவத்துக்கு வெளிநாட்டில் 'ஸ்ட்ராங் ஸ்டைல்' என்று தனிப் பெயரே உண்டு. என் கோலுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. சொல்லாமல் வேலை நடக்காது.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாரி வில்லியம்ஸும், கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் சார்லி மெக்டோவல், லிண்டா வெர்னர் குழுவினரும் 2000ஐ ஒட்டிய வருடங்களில் முதலாண்டு வகுப்புகளில் இதை வைத்துப் பார்த்தார்கள். சாண்டா குரூஸ் முடிவுகளில் எனக்கு முக்கியமாகப் பட்டது மதிப்பெண் அல்ல. ஜோடியாக எழுதிய பிரிவுகளில் ஏறக்குறைய 10க்கு 9 பேர் கடைசிவரை நின்று இறுதித் தேர்வு எழுதினார்கள். தனியாக எழுதிய பிரிவில் 10க்கு 8 பேர். தனித்தனியாகத் தேர்வு வைத்தபோது ஜோடிக்காரர்கள் பின்தங்கவும் இல்லை. ஒரு அரியர் விழுந்தாலே "நமக்கு இது வராது" என்று முடிவு கட்டிவிடுகிற பிள்ளைகளை வைத்திருக்கும் நமக்கு, பாதியில் போகாமல் நிற்க வைக்கிற முறை என்றால் அது பெரிய விஷயம்.

ஆனால் இதைத் தப்பாகச் செய்தால் எவ்வளவு கெடும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். செய்தது நானேதான். முதல் வருடம் 'நன்றாகப் படிக்கிறவர் பக்கத்தில் சுமாராகப் படிக்கிறவர்' என்று பிரித்து உட்கார வைத்தேன். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. லேப் அமைதியாக ஓடியது, எல்லா ஜோடியும் அவுட்புட் காட்டியது, நானும் மகிழ்ந்தேன். பிராக்டிகல் தேர்வில் ஒரு பெண் சீட்டு எடுத்தாள், சிஸ்டம் முன்னால் உட்கார்ந்தாள், அப்படியே இருந்தாள். அரை மணி நேரம் கழித்து மெதுவாக என்னிடம் வந்து, "சார், புது ஃபைல் எப்படித் திறக்கறது?" என்றாள். அந்த செமஸ்டர் முழுக்க அவள் கை கீபோர்டில் படவே இல்லை. பக்கத்தில் இருந்த கெட்டிக்காரன் டைப் செய்தான், இவள் ரெக்கார்டில் சுத்தமாக எழுதினாள். அவளுடைய ரெக்கார்டுக்கு நான் முழு மார்க் போட்டிருந்தேன்.

அதற்கப்புறம் மூன்று விஷயத்தை மாற்றினேன். ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பவர்களைத்தான் சேர்த்து உட்கார வைக்கிறேன். இருவருக்கும் தெரியாது என்றால் இருவரும் தேடுவார்கள். ஒருவருக்கு மட்டும் தெரியும் என்றால் மற்றவர் வேடிக்கை பார்ப்பார். இரண்டாவது, 15 நிமிடத்துக்கு ஒரு முறை என் போனில் அலாரம் அடிக்கும், அடித்தால் இடம் மாற வேண்டும். கீபோர்டை மட்டும் நகர்த்தினால் போதாது; எழுந்து சீட்டே மாற வேண்டும். இல்லாவிட்டால் கீபோர்டு சத்தமில்லாமல் பழைய கைக்கே திரும்பிவிடும். மூன்றாவது, மூன்று வாரத்துக்கு மேல் எந்த ஜோடியும் நீடிக்காது. மனஸ்தாபம் வந்தாலும் மூன்று வாரம்தானே என்று பொறுத்துக்கொள்வார்கள்.

மட்டம் பார்ப்பது எப்படி? இங்கே ஒரு உள்ளூர்ச் சிக்கல் உண்டு. தமிழ்நாடு பாடத்திட்டத்தில் 11ஆம் வகுப்பு கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸ், 12இல் பைத்தான். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன, அங்கே இரண்டு வருடமும் பைத்தான். காமர்ஸ் குரூப்பிலிருந்து வருகிறவர்களும், பள்ளியில் சிஸ்டத்தை எட்டி நின்றே பார்த்தவர்களும் அதே வகுப்பில் இருப்பார்கள். இரண்டு மாநில எல்லையில் இருக்கும் முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வந்த பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காரும்போது மார்க் பட்டியலை நம்பிப் பயனில்லை. முதல் வாரமே பேப்பரில் 10 நிமிடம் ஒரு சின்னக் கேள்வி கொடுங்கள். ஒரு லூப் எத்தனை தடவை ஓடும், கடைசியில் என்ன அச்சாகும், அவ்வளவுதான். விடை சரியா தவறா என்பதைவிட, எப்படி யோசித்தார்கள் என்று ஓரத்தில் கிறுக்கியிருப்பதைப் பாருங்கள்.

வாத்தியாரின் நேரத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். 2 மணி நேரத்தில் 60 பேரைத் தனித்தனியாகப் பார்த்தால் ஆளுக்கு 2 நிமிடம். 30 ஜோடி என்றால் ஜோடிக்கு 4 நிமிடம். கேட்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் ஜோடியாக இருக்கும்போது எழுத்துப்பிழை, விட்டுப்போன இரட்டைப்புள்ளி மாதிரி அற்ப எரர்களை அவர்களே பார்த்துத் திருத்திவிடுவார்கள். உங்களைக் கூப்பிடும்போது உண்மையான சந்தேகம் இருக்கும். அந்த 4 நிமிடம் உருப்படியாகக் கழியும்.

இனி தியரி வகுப்பு. என் மாணவி இதைப் பற்றிக் கேட்கவே இல்லை. சேர்ந்து கற்பது என்றால் லேப் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எனக்கென்னவோ, 31 சிஸ்டம் தேவைப்படாத இந்த முறைதான் நம் கல்லூரிகளுக்கு முதலில் வர வேண்டியது என்று படுகிறது.

பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று பெயர். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தொடங்கியது. பாடத்தின் நடுவில் நான்கு விடைகளோடு ஒரு கேள்வி. முதலில் பேசாமல் ஒவ்வொருவரும் ஓட்டுப் போட வேண்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், குறிப்பாக வேறு விடை சொன்னவரோடு. பிறகு மறுபடி ஓட்டு. அதற்கப்புறம்தான் வாத்தியார் வாயைத் திறப்பார். கணினிப் பாடத்துக்கு இதைக் கொண்டுவந்ததில் சான் டியேகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெத் சைமன், லியோ போர்ட்டர் போன்றவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 2013இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 4 கணினிப் பாடங்களின் பழைய வகுப்புகளையும் இந்த முறை வகுப்புகளையும் ஒப்பிட்டபோது, சராசரித் தோல்வி 20 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக இறங்கியிருந்தது.

அங்கே ஓட்டுப் போட ரிமோட் மாதிரி ஒரு கருவி உண்டு. நமக்கு அட்டை போதும். நாலு நிறச் சார்ட் பேப்பர் வாங்கிப் பிள்ளைகளையே வெட்டச் சொல்லுங்கள். அதுவும் இல்லையா, நெஞ்சோடு ஒட்டி விரலைக் காட்டச் சொல்லலாம், 1 முதல் 4 வரை. பின்னால் இருப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் முதல் பெஞ்சு டாப்பர் எத்தனை விரல் காட்டுகிறாரோ அத்தனை விரல் வகுப்பு முழுக்க முளைக்கும்.

ஒரு உதாரணம். எக்ஸ், ஒய் என்று இரண்டு வேரியபிள், அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் இடங்கள். எக்ஸில் 5, ஒய்யில் 7 இருக்கிறது. அடுத்த வரி, எக்ஸில் ஒய்யைப் போடு. அதற்கடுத்த வரி, ஒய்யில் எக்ஸைப் போடு. இப்போது எதில் என்ன? இரண்டும் இடம் மாறிவிட்டது என்று பாதி வகுப்பு விரல் காட்டும். நான் வருடக்கணக்காக இதற்கு டீ டம்ளர், காபி டம்ளர் கதை சொல்லிவந்தேன். இரண்டையும் மாற்ற மூன்றாவது காலி டம்ளர் வேண்டும் என்று. நம் ஊரில் இந்தக் கதை சொல்லாத வாத்தியாரே இருக்க முடியாது. ஒரு நாள் விவாதத்துக்கு விட்டுவிட்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். ஒரு பையன் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "டம்ளர்னா ஊத்துனா காலியாயிடும். இது காலியாகாது. ஜெராக்ஸ் எடுத்துப் பழைய தாள் மேல ஒட்டற மாதிரி. மேல ஒட்டிட்டா பழசு போச்சு, ஆனா ஒரிஜினல் அங்கேயேதான் இருக்கும். அதான் ரெண்டும் 7." நான் அப்படியே நின்றுவிட்டேன். என் டம்ளர் கதைதான் இத்தனை வருடம் பாதிப் பேரைக் குழப்பியிருக்கிறது. வேரியபிளிலிருந்து எடுத்தால் அது காலியாகிவிடும் என்று நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றோடு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

இந்த முறையின் கஷ்டம் கேள்வி தயாரிப்பதில் இருக்கிறது. முதல் ஓட்டிலேயே கிட்டத்தட்ட எல்லோரும் சரியாகச் சொன்னால் விவாதிக்க ஒன்றுமில்லை. பத்துப் பேர்கூடத் தேறவில்லை என்றால் தெரியாதவரும் தெரியாதவரும் பேசி, தவறைத்தான் உறுதி செய்துகொள்வார்கள். பாதிக்குப் பாதி பிரியும் கேள்வி அமைந்தால் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். அதுதான் வேண்டும். அப்படிப்பட்ட கேள்விகளைத் தேடி அலைய வேண்டாம், உங்கள் பழைய விடைத்தாள் கட்டிலேயே இருக்கின்றன. போன வருடம் பிள்ளைகள் எழுதிய தவறான விடைகளையே மூன்று விருப்பங்களாகப் போட்டால் போதும். சத்தம் வெளியே கேட்டு யாராவது எட்டிப் பார்ப்பார்கள். முன்கூட்டியே ஹெச்ஓடியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. இன்னொன்று, இந்த முறையால் கை ஓடாது. புரிதல் வரும், எழுதும் பழக்கம் வராது. என் மாணவியின் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது எழுதுவதில். ஆகவே இது மட்டும் அவளுக்குப் போதாது.

மூன்றாவது, நாலு பேர் குழுவில் ஆளுக்கு ஒரு வேலை. போகில் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1990களில் அமெரிக்காவில் வேதியியல் வகுப்புகளில் தொடங்கி, பிற்பாடு கணினிக்கும் வந்தது. ஒருவர் நேரம் பார்த்து வேலையை நடத்துவார், ஒருவர் எழுதுவார், ஒருவர் குழுவின் சார்பாகப் பேசுவார், ஒருவர் குழு எப்படி யோசிக்கிறது, எங்கே திணறுகிறது என்று கவனிப்பார். பாடத்தை நாம் சொல்வதில்லை. ஒரு தாளில் சின்ன புரோகிராமும் அதன் அவுட்புட்டும் இருக்கும், அடுத்தடுத்த கேள்விகள் அவர்களையே விதியைக் கண்டுபிடிக்க வைக்கும். நன்றாக அமைந்த தாள் என்றால் அருமையான முறை. ஆனால் ஒரு மணி நேர வகுப்புக்கு அப்படி ஒரு தாள் தயாரிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று. அதுவும் ஆங்கிலத்தில் கிடைப்பதை அப்படியே கொடுத்தால் நம் பிள்ளைகள் கேள்வியைப் புரிந்துகொள்ளவே 20 நிமிடம் ஆகும். தரையோடு பொருத்திய நீளப் பெஞ்சுகளில் நாலு பேரை முகம் பார்த்து உட்கார வைப்பது இன்னொரு கூத்து.

இதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்னத் துண்டு மட்டும். புரோகிராமை வரிவரியாகத் தாளில் அச்சடித்து, கத்தரித்து, கலைத்துக் கொடுத்துச் சரியான வரிசையில் அடுக்கச் சொல்வது. நியூசிலாந்தின் டேல் பார்சன்ஸ், பட்ரீசியா ஹேடன் இருவரும் 2006இல் எழுதியதிலிருந்து இதைப் பார்சன்ஸ் புதிர் என்று சொல்வது வழக்கமாயிற்று. தனி ஆள்கூடச் செய்யலாம். ஆனால் மூன்று பேர் ஒரே மேசையில் துண்டுகளை நகர்த்தும்போது "அதை உள்ள தள்ளுடா, லூப்புக்குள்ள வரணும்" என்று அவர்களாகவே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். சிஸ்டம் வேண்டாம், கரண்ட் வேண்டாம். மழைக்காலத்தில் கடலூரிலும் புதுச்சேரியிலும் இதன் அருமை தெரியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. அதற்கப்புறம் கல்லூரி திறந்த பிறகும் லேப் பக்கம் போக முடியாத நாட்களில் எங்கள் பாடத்தை ஓட்டியது ஜெராக்ஸ் கடைக்காரர் வெட்டிக் கொடுத்த காகிதத் துண்டுகள்தான்.

மாப் புரோகிராமிங் என்று ஒன்று உண்டு. வுடி சூயில் என்பவர் மூலம் 2011 வாக்கில் பரவியது. ஒரு புரொஜெக்டர், ஒரு கீபோர்டு, எல்லோரும் சேர்ந்து ஒரே புரோகிராம். எட்டுப் பேருக்கு நல்லது, 60 பேருக்குச் சினிமா.

கடைசியில் வருவது குழு புராஜெக்ட். ஹெச்ஓடிகள் 'குரூப்' என்று சொல்லும்போது பெரும்பாலும் மனதில் இருப்பது இதுதான். ஐந்தைந்து பேராகப் பிரி, ஆளுக்கொரு தலைப்பு கொடு, செமஸ்டர் முடிவில் பிரசன்டேஷன். நிர்வாகத்துக்கு வசதி, ஃபைலில் அழகாக இருக்கும். முதலாம் ஆண்டுக்கு இதை நான் அடியோடு எதிர்க்கிறேன்.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்று பெருமையாகச் சொல்கிறோம். திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் தேர் புறப்படும்போது கிட்டே நின்று பார்த்திருக்கிறீர்களா? வடத்தைப் பிடித்திருப்பவர் எல்லோரும் இழுப்பதில்லை. கை வைத்தபடி நடந்து வருகிறவரும் உண்டு. இதை அளந்தே பார்த்திருக்கிறார் மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர். ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அவர் 1913இல் வெளியிட்ட கணக்குப்படி, தனியாக இழுக்கும்போது ஒருவரின் பலம் 100 என்றால், இரண்டு பேராக இழுக்கும்போது ஆளுக்கு 93. நாலு பேர் என்றால் 77. எட்டுப் பேர் என்றால் 49, அதாவது பாதி. ஒரே நேரத்தில் மூச்சுப் பிடித்து இழுக்க முடியாததும் ஒரு காரணம்தான். ஆனால் 1974இல் ஆலன் இங்கம் குழுவினர் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுப்பதாக நம்ப வைத்துத் தனியாக இழுக்க விட்டபோதும் இழுப்பு குறைந்தது. யாரோ இழுக்கிறார்கள் என்ற நினைப்பே கையைத் தளர்த்திவிடுகிறது. கயிற்றுக்கும் புரோகிராமுக்கும் ஒரே கணக்குப் பொருந்தும் என்று சாதிக்க மாட்டேன். ஆனால் ஐந்து பேர் புராஜெக்டில் எழுதியது ஒருவர், பிபிடி செய்தது ஒருவர், மற்ற மூன்று பேர் கை வைத்தபடி நடந்து வந்தவர்கள் என்பதை எந்த வைவாவிலும் இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம். காசு கொடுத்தால் தயாராகக் கிடைக்கும் புராஜெக்ட் கதை தனி. அதை இங்கே இழுக்கவில்லை.

பஸ் இன்னொரு காரணம். குழு வேலை வகுப்பு நேரத்துக்கு வெளியேதான் நடக்கும். எங்கள் பிள்ளைகளுக்குச் சாயந்திரம் ஒரு குறிப்பிட்ட டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். பெண் பிள்ளைகளை யாரும் நிற்க விடுவதில்லை. ஆக, வேலை முழுதும் ஊருக்குள் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இரண்டு பையன்கள் தலையில் விழும். அவர்கள் கற்றுக்கொள்வார்கள், மற்றவர்களுக்குப் பெயர் மட்டும் தலைப்புப் பக்கத்தில் இருக்கும். வேலையை வகுப்பு நேரத்துக்குள்ளேயே முடிக்காத எந்த முறையும் இங்கே தூரத்தில் வீடு உள்ளவரைத் தண்டிக்கிறது.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துத் திருத்துவது, கோட் ரிவியூ, மூன்றாம் ஆண்டில் நன்றாக எடுபடும். 1976இலேயே ஐபிஎம்மில் மைக்கேல் ஃபேகன் இதை ஒழுங்குபடுத்தி எழுதினார். வேலைக்குப் போனால் தினமும் இதுதான். முதலாம் ஆண்டில் வைத்தால் "நல்லா இருக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நண்பனிடம் குற்றம் சொல்ல மனசு வராது. தவறைப் பார்க்கிற கண்ணும் இன்னும் வந்திருக்காது.

எந்த முறையை எடுத்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. பல்கலைக்கழக பிராக்டிகலில் சீட்டு எடுத்துத் தனியாகத்தான் உட்கார வேண்டும். அதனால் ஜோடி வேலைக்கு நான் இன்டர்னலில் கொஞ்சம் மார்க்தான் வைக்கிறேன், பெரும்பங்கு தனித்தேர்வுக்கு. மாதம் ஒரு லேப் ஜோடி இல்லாமல் நடக்கும். இரண்டு பேட்சாகப் பிரித்து, ஒரு பேட்ச் சிஸ்டத்தில் இருக்கும்போது மற்றது பேப்பரில் எழுதும். அன்றைக்கு அவர்கள் முகத்தைப் பார்த்தால் எந்த ஜோடியில் யார் பயணி என்று சொல்லிவிடலாம்.

இப்போது புதிதாக ஒரு மூன்றாவது ஆளும் வந்திருக்கிறார். 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, கண்டக்டர் மடியில் போனை வைத்துக்கொண்டு அதில் வருவதைப் படித்துச் சொல்ல, டிரைவர் டைப் செய்வதைப் பார்க்கிறேன். வாயால் சொல்ல வேண்டும் என்ற என் விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள்! ஆரம்பத்தில் போனைப் பிடுங்கி வைத்தேன். இப்போது, எரர் வந்தபிறகு இருவரும் காரணத்தை ஊகித்துப் பேப்பரில் எழுதினால் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். இது சரிவருமா என்று இன்னும் ஒரு செமஸ்டர் போனால்தான் தெரியும்.

அவளுக்கு நான் சொன்னது இதுதான். தியரி வகுப்பில் வாரத்துக்கு இரண்டு ஓட்டுக் கேள்வி, அதற்கு மேல் வேண்டாம், பாடம் முடியாது. லேபில் ஜோடி, 15 நிமிட அலாரம். புதிய பகுதி தொடங்கும் லேபில் முதல் 10 நிமிடம் காகிதத் துண்டுகள், அப்புறம் சிஸ்டம். அவள் பிள்ளைகளுக்குப் படித்தால் புரிகிறது, எழுத வரவில்லை. அடுக்குவது இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு படி. குழு புராஜெக்ட் இந்த வருடம் கிடையாது. ஹெச்ஓடி கேட்டால் ஜோடியைக் காட்டு, அதுவும் குரூப்தான்.

அதே கேள்வியைப் பள்ளியில் 11ஆம் வகுப்புக்கு எடுக்கிறவர் கேட்டிருந்தால் பதில் மாறும். 40 பேருக்கு 10 சிஸ்டம் என்றால் ஜோடி நடக்காது, நாலு பேர் ஒரு திரை முன் நின்றால் இரண்டு பேர் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பார்கள். பாதி வகுப்பு சிஸ்டத்தில் ஜோடியாகவும் மீதி வகுப்பு காகிதத் துண்டோடும் இருந்து, பாதி நேரத்தில் இடம் மாறுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பிள்ளைகளை வைத்து இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறவர் என்றால் புரொஜெக்டரைப் போட்டு மாப் முறையில் இறங்கிவிடலாம். அங்கே அதைவிடக் கலகலப்பான முறை இல்லை.

போன வாரம் மறுபடி கூப்பிட்டாள். இரண்டு லேப் முடிந்திருக்கிறது. "ஒரு பையன் தனியாத்தான் எழுதுவேன்னு அடம் பிடிக்கிறான் சார். நல்லாப் படிக்கிறவன். ஜோடி போட்டா ஸ்பீடு குறையுதாம்." எனக்குச் சிரிப்பு வந்தது. வருடத்துக்கு ஒருவன் இப்படி வருவான். "ஒத்தைப்படையா ஆள் வர்ற நாள்ல அவனைத் தனியா விடும்மா. மத்த நாள்ல கண்டக்டராவே உட்கார வை, அலாரம் அடிச்சாலும் மாத்தாத. டைப் பண்ண விடாத. கூட இருக்கறவனுக்குப் புரியற மாதிரி அவன் வாயால சொல்ல முடியுதான்னு பாரு."

"அவன் சொல்லிட்டா?"

"சொல்லிட்டான்னா அடுத்த ஓட்டுக் கேள்வியை அவனையே தயார் பண்ணச் சொல்லு. உனக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை மிச்சம்."